நோன்புல உடம்பு முடியலன்னா என்ன ஓதுறது, எப்ப ஓதுறது

நோன்பு நேரத்துல காய்ச்சல், வயித்துவலின்னு வந்துட்டா நாகூரோ கூத்தாநல்லூரோ நம்ம பக்கம் மொதல்ல பண்றது பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பி ஹஜ்ரத்கிட்ட (அங்க தொழ வைக்கிற இமாம்) தண்ணி ஓதி வாங்குறதுதான். வாங்குங்க, ஆனா நோன்பு வச்சிருக்கவங்க அத மஃரிபுக்கு (சூரியன் மறையற நேரம்) அப்புறம்தானே குடிக்க முடியும், அதுவரைக்கும் நோயாளி தானே ஓதிக்க எவ்ளோவோ இருக்கு. துஆ (பிரார்த்தனை) கேக்க ஒளு (தொழுகைக்கு முன்னாடி கைகால் முகம் கழுவுறது) கட்டாயமில்ல, படுத்த வாக்குலயே ஓதலாம்.

எங்க வலிக்குதோ அங்க கைய வச்சு பிஸ்மில்லாஹ் 3 தடவ, அப்புறம் "அஊது பில்லாஹி வ குத்ரத்திஹி மின் ஷர்ரி மா அஜிது வ உஹாதிரு" 7 தடவ. உடம்பு வலிக்குதுன்னு வந்த உஸ்மான் பின் அபில் ஆஸுங்கற சஹாபிக்கு (நபித்தோழர்) நபி (ஸல்) கத்துக்குடுத்தது, முஸ்லிம்ங்கற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புல இருக்கு. இப்ப இருக்கற வலியோட, இனிமே வந்துருமோன்னு பயப்படுறதுக்கும் சேத்தே இதுல பாதுகாப்பு கேக்குறோம், சாயங்காலம் 4 மணிக்கு சுகர் எறங்கிருமோன்னு பதறிக்கிட்டு இருக்கவங்களுக்கு இதவிட பொருத்தமா ஒண்ணு எனக்கு தெரியல.

இன்னொருத்தருக்கு ஓதுறதா இருந்தா வலது கையால தடவிக்கிட்டே "அல்லாஹும்ம ரப்பன்னாஸ், அத்ஹிபில் பஃஸ, இஷ்ஃபி, வ அன்த்தஷ் ஷாஃபீ, லா ஷிஃபாஅ இல்லா ஷிஃபாஉக்க, ஷிஃபாஅன் லா யுகாதிரு ஸகமா". வீட்ல யாருக்காச்சும் முடியலன்னா நபி இப்படித்தான் பண்ணுவாங்கன்னு அவங்க மனைவி ஆயிஷா நாயகி சொல்லியிருக்காங்க. குர்ஆனோட மொத அத்தியாயம் பாத்திஹா எல்லாருக்கும் தெரியும், தேள் கடிக்கே சஹாபாக்கள் அத ஓதிப் பாத்திருக்காங்க. தமிழ் எழுத்துல அரபி உச்சரிப்பு சரியா வராது, மதரஸா போற புள்ளய விட்டு ஒருதடவ ஓதச்சொல்லி கேட்டுக்கங்க.

நேரம்னு பாத்தா நோன்பு திறக்கறதுக்கு முன்னாடி உள்ள நேரத்த விட்றாதீங்க. நோன்பாளி திறக்குற வரைக்கும் கேக்குற துஆ தட்டப்படாதுன்னு திர்மிதீங்கற ஹதீஸ் தொகுப்புல வருது, நம்ம வீடுகள்லயோ கரெக்டா அப்பத்தான் பொம்பளைங்க எண்ணெச்சட்டி முன்னாடி வாடாங்கற பலகாரம் சுட்டுக்கிட்டு நிப்பாங்க, பசங்க பள்ளில கஞ்சி வாங்க தூக்குவாளியோட வரிசைல நிப்பாங்க (அல்சருக்கு துஆ கேட்டுட்டு அதே கையால நாலு வாடா எடுக்குற ஆளுங்களும் இருக்காங்க, அவங்கள என்ன சொல்ல). ஒரு பத்து நிமிஷம் தனியா உக்காந்து கேளுங்க. அய்யூப் நபியோட துஆ, குர்ஆன் 21:83, "அன்னீ மஸ்ஸனியள் ளுர்ரு வ அன்த்த அர்ஹமுர் ராஹிமீன்", இதுல குணமாக்குன்னு ஒரு வார்த்த கூட கிடையாது, எனக்கு கஷ்டம் வந்துருச்சு, நீ பெரிய இரக்கமுள்ளவன், அவ்ளோதான். அரபி வரலன்னா தமிழ்லயே அழுது கேளுங்க.

ஆனா துஆ ஓதியாச்சுல்ல, எப்படியாச்சும் மஃரிபு வரைக்கும் தாக்குப்பிடிச்சிரலாம்னு மட்டும் உக்காராதீங்க. நோயாளி வேற நாள்ல நோன்ப எண்ணி வச்சுக்கலாம்னு 2:184ல அல்லாஹ்வே சொல்லிட்டான். சுகர் 70க்கு கீழ போனாலோ 300க்கு மேல ஏறினாலோ நோன்ப விட்ரணும்னுதான் டாக்டருங்க சொல்றாங்க, விரல்ல குத்தி பாக்குறதால நோன்பு முறியாது, பயப்படாம பாருங்க. மாத்திரைய முழுங்கினா முறிஞ்சிரும். ஊசி, காது சொட்டு மருந்துக்கெல்லாம் ஷாஃபிஈ, ஹனஃபின்னு மத்ஹபுக்கு (சட்டப் பிரிவு) ஏத்த மாதிரி சட்டம் மாறும், உங்க ஊர் ஆலிம்கிட்ட (மார்க்க அறிஞர்) கேட்டுக்கங்க. விட்டத அப்புறம் களா செய்யணும் (வேற நாள்ல நோன்பு வச்சு ஈடுகட்டணும்), தீராத நோய்னா ஃபித்யா, அதாவது விட்ட ஒரு நாளைக்கு ஒரு ஏழைக்கு சாப்பாடு.

நோய் விசாரிக்க போறவங்களுக்கு "அஸ்அலுல்லாஹல் அழீம், ரப்பல் அர்ஷில் அழீம், அன் யஷ்ஃபியக்க", 7 தடவ. ஓதிட்டு சீக்கிரம் கெளம்பிருங்க, போற எடத்துல "என்ன, நோன்பு இல்லயா?"ன்னு மட்டும் கேட்றாதீங்க, விட்டவங்க ஏற்கனவே அதுலதான் நொந்து போயி படுத்திருப்பாங்க.