லாட்ஜுக்கு ஃபயர் அலாரம்: தீயணைப்பு உரிமத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை

பலரும் முதலில் அலாரம் கம்பெனியிடம் கொட்டேஷன் வாங்குவார்கள். மாட்டி முடித்த பிறகுதான் தீயணைப்பு உரிமத்துக்கு விண்ணப்பிப்பார்கள். பணம் இரண்டு முறை செலவாவது இப்படித்தான். தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை அலாரத்தை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை. படிக்கட்டு, வெளியேறும் வழி, தண்ணீர்த் தொட்டி, தீயணைப்பான், அலாரம் என்று முழுக் கட்டடத்தையும் சேர்த்தே பார்க்கிறது. அதனால் அங்கீகரித்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வருவதுதான் முதல் வேலை.

வரைபடத்தில் மூன்று மாடி, நேரில் நான்கு என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். மொட்டை மாடியில் ஷீட் போட்டு அறையாக்கியது, வண்டி நிறுத்தத்தைச் சாப்பாட்டுக் கூடமாக்கியது, இரண்டாவது படிக்கட்டை அடைத்து மெத்தை அடுக்கி வைத்தது எல்லாம் ஆய்வுக்கு வருபவர் கண்ணில் முதலில் படுபவை. எவ்வளவு விலை கொடுத்து அலாரம் வாங்கினாலும் இவற்றுக்கு ஈடாகாது. முதலில் உள்ளாட்சியிலோ, நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி.யிலோ அந்தச் சிக்கலைத் தீருங்கள்.

அடுத்தது உயரம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 இன்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். அதற்குத் திட்ட அனுமதிக் கட்டத்திலேயே தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். அதற்குக் கீழே உள்ள சாதாரண லாட்ஜுக்கு மாவட்ட அளவிலேயே வேலை நடக்கும். இங்கே சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது வகைக்கு. கவனிக்க: தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016 உயரமான கட்டடத்தை 15 மீட்டரிலிருந்தே கணக்கிடுகிறது. உங்கள் கட்டடம் 15க்கும் 18.30க்கும் நடுவில் இருந்தால், எதை எதிர்பார்க்கிறார்கள் என்று வேலை தொடங்கும் முன்பே மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த விதித்தொகுப்பின் 4ஆம் பகுதியில் அட்டவணை 7 இருக்கிறது. எந்த வகைக் கட்டடத்துக்கு, எந்த உயரத்துக்கு, என்னென்ன வேண்டும் என்பது அதில் ஒரே வரிசையில் கிடைக்கும். சிறிய லாட்ஜின் வகைக் குறி பொதுவாக ஏ-1. கையால் அழுத்தும் அலாரமும் தானாகக் கண்டறியும் அலாரமும் அதில் தனித்தனிப் பத்திகள். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒன்றை விட்டுவிடுபவர்கள் உண்டு.

எத்தனை டிடெக்டர்?

டிடெக்டர் என்பது தீயைத் தானாகக் கண்டறியும் கருவி. அதை எங்கே வைப்பது, எத்தனை வைப்பது என்பதற்கு ஐ.எஸ். 2189 என்ற இந்தியத் தரநிலைதான் அடிப்படை. தட்டையான கூரையில் எந்த இடத்திலிருந்தும் 7.5 மீட்டருக்குள் ஒரு புகை டிடெக்டர் இருக்க வேண்டும். வெப்ப டிடெக்டர் என்றால் 5.3 மீட்டர். கூரை வரை எழும்பிய சுவர் இருந்தால் அந்தப் பக்கம் தனி அறைதான்.

தளம் 18 மீட்டர் நீளம், நடுவே நடைபாதை, இரு பக்கமும் ஐந்து ஐந்து அறைகள் என்று வைத்துக்கொள்வோம். அறைக்கு ஒன்று, ஆகப் பத்து. நடைபாதையின் நடுவில் ஒன்று வைத்தால் இரு முனைகளும் 9 மீட்டர் தள்ளிப்போகும், எட்டாது. எனவே முனையிலிருந்து 4.5 மீட்டரில் ஒன்றாக இரண்டு. படிக்கட்டுத் தலையில் ஒன்று, மின் அறையில் ஒன்று, தேநீர் போடும் இடத்தில் வெப்ப டிடெக்டர் ஒன்று. அங்கே புகை டிடெக்டர் வைத்தால் ஆவி எழும்போதெல்லாம் மணி அடிக்கும். பத்தாம் நாள் யாராவது அதைக் கழற்றி அலமாரியில் போட்டுவிடுவார்கள். ஆகத் தளத்துக்கு 15. நான்கு தளத்துக்கு 60. பொய்க்கூரைக்கு மேலே 800 மில்லிமீட்டருக்கு அதிகமான இடைவெளி இருந்தால் அதற்குள்ளும் தனியாக வேண்டும். சுவரிலிருந்து அரை மீட்டராவது, ஏசி காற்று வெளிவரும் வாயிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

கையால் அழுத்தும் சிவப்புப் பெட்டி தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். யாரும் 30 மீட்டருக்கு மேல் நடக்காமல் ஒன்றை அடைய வேண்டும். படிக்கட்டு வாசலே இதற்குச் சரியான இடம். இதன் பெயர் மேனுவல் கால் பாயின்ட், கொட்டேஷனில் ‘எம்.சி.பி.’ என்று எழுதுவார்கள். மின் பிரேக்கரையும் அப்படியே எழுதுகிறோம். எட்டு கால் பாயின்ட் இருக்க வேண்டிய வரியில் எட்டு பிரேக்கர் வந்து சேர்ந்தால் வியப்பில்லை. ‘கால் பாயின்ட்’ என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள்.

லாட்ஜில் அதிகம் தவறுவது ஒலி. பொது இடத்தில் 65 டெசிபல் போதும், தூங்குபவரின் தலைமாட்டில் 75 வேண்டும். மூடிய கதவு ஒலியை 20 டெசிபல் அளவுக்கு விழுங்கிவிடும். நடைபாதையில் மாட்டிய ஹூட்டர் (அலார ஒலிப்பான்) கதவருகே 85 காட்டினாலும் உள்ளே 65 தான் மிஞ்சும். எனவே அறைக்குள்ளேயே ஒலிக்கும் அடித்தட்டு கொண்ட டிடெக்டராக வாங்குங்கள். பிறகு கதவை மூடி, ஏசியையும் டிவியையும் போட்டு, தலையணைப் பக்கம் மீட்டரைப் பிடித்துப் பாருங்கள்.

வயரும் பேட்டரியும்

எல்லா டிடெக்டரும் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் பேனல். 60 டிடெக்டர் என்றால் ஒவ்வொரு கருவியையும் தனியாக அடையாளம் காணும் அட்ரஸபிள் பேனலே நல்லது, அறை எண்ணையே காட்டும். இதில் வயர் பேனலிலிருந்து கிளம்பி வளையமாகத் திரும்பி வருவதால் ஒரு இடத்தில் அறுந்தாலும் மீதி வேலை செய்யும். ஆனால் போகும் வயரையும் திரும்பும் வயரையும் ஒரே பைப்பில் விட்டால் அந்தப் பயன் போயிற்று. வேலை மிச்சம் என்று செய்வார்கள், அனுமதிக்காதீர்கள். ஷார்ட் ஆனால் முழு வளையமும் சாகாமல் இருக்க, பழுதான பகுதியை மட்டும் துண்டிக்கும் ஐசொலேட்டரை 20 கருவிக்கு ஒன்றாகக் கேளுங்கள்.

செலவு கருதி, அறையைச் சொல்லாமல் பகுதியை மட்டும் காட்டும் சாதாரண சோன் பேனல் போட்டால், வயர் அறுந்ததா என்று பேனல் அறிய கடைசிக் கருவியில் ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) இருக்க வேண்டும். சோம்பேறி ஆள் அதைப் பேனலுக்குள்ளேயே முறுக்கிவிடுவார். அப்போது வெளியே வயர் அறுந்தாலும் பேனலில் பச்சை விளக்கே எரியும். கடைசி டிடெக்டரைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். சில நொடிகளில் ‘ஃபால்ட்’ வராவிட்டால் ரெசிஸ்டர் தப்பான இடத்தில் இருக்கிறது.

மின்சாரம் போனால் 24 மணி நேரம் காத்திருந்து, அதன் பிறகும் 30 நிமிடம் மணி அடிக்க வேண்டும். பேனல் சும்மா இருக்கும்போது 0.3 ஆம்பியர், மணி அடிக்கும்போது 1.8 ஆம்பியர் இழுக்கிறது என்றால்: 0.3 × 24 = 7.2, 1.8 × 0.5 = 0.9, கூட்டினால் 8.1 ஆம்பியர்-மணி (ஏ.எச்.). பேட்டரி பழசாவதற்கு 1.25 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 10.1. ஆக 12 ஏ.எச். பேட்டரி இரண்டைத் தொடராக இணைக்க வேண்டும். பெட்டியோடு வரும் 7 ஏ.எச். போதாது. பேனலுக்கு 230 வோல்ட் தனிப் பிரேக்கரிலிருந்து நேராகப் போக வேண்டும். பிளக் குத்தினால் யாராவது பிடுங்கிப் போனை மாட்டுவார்கள். இந்த மின்வேலையை மின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே செய்து சான்று தர வேண்டும்.

விண்ணப்பமும் ஆய்வும்

துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அங்கீகரித்த வரைபடம், உரிமை அல்லது வாடகை ஆவணம், சொத்து வரி ரசீது, டிடெக்டர் இடங்களைக் குறித்த தளவாரி வரைபடம், பொருத்தியவர் தந்த சோதனை அறிக்கை, கருவிகளின் பில் எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள். கதவு எண்ணும் உரிமையாளர் பெயரும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய கதவு எண், புதிய கதவு எண் குழப்பத்தால் திரும்பி வரும் விண்ணப்பங்களுக்குக் குறைவில்லை.

ஆய்வுக்கு முந்தைய நாள் நீங்களே ஒத்திகை பாருங்கள். ஒவ்வொரு டிடெக்டரின் மஞ்சள் தூசி மூடியும் கழற்றப்பட்டதா? பெயின்ட் அடிப்பவருக்காகப் போட்டது பல மாதம் அப்படியே இருப்பதுண்டு. மூன்றாவது மாடியில் கருவிக்கு ஏற்ற சோதனை ஸ்பிரே அடித்தால் பேனலில் அதே அறை எண் வருகிறதா? மெயினை அணைத்தால் பேட்டரியில் ஓடுகிறதா? இரவுக் காவலருக்கு மணியை நிறுத்தவும் ரீசெட் செய்யவும் தெரிகிறதா? ஆய்வாளர் கேள்வி கேட்பது பெரும்பாலும் அவரிடம்தான்.

உரிமத்தில் காலாவதி நாள் இருக்கும், புதுப்பிக்க அதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். வாரம் ஒரு கால் பாயின்ட்டாக மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்து, தேதியோடு பதிவேட்டில் எழுதுங்கள். ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதிய 52 வாரப் பதிவு பார்த்தவுடனே தெரியும். பழைய அலாரத்தை மாற்றுகிறீர்கள் என்றால் டிடெக்டரின் அடியைத் திருப்பிப் பாருங்கள். மூவிலைக் கதிரியக்கக் குறி இருந்தால் உள்ளே அமெரிசியம்-241 இருக்கிறது. அதைக் காயலான் கடைக்குப் போடக்கூடாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி விற்ற நிறுவனம் வழியாகவே திருப்பி அனுப்ப வேண்டும்.