பார்ம்.டி. மாணவர்கள் வார்டுப் பயிற்சியை முழுமையாகப் பயன்படுத்துவது எப்படி?

பார்ம்.டி. (டாக்டர் ஆஃப் பார்மசி) மருந்தாளுநர்களுக்கான ஆறு ஆண்டுப் படிப்பு. முதல் ஐந்து ஆண்டுகள் வகுப்பறை, ஆய்வகம், வார்டு என்று நகர்கின்றன. ஆறாம் ஆண்டு முழுவதும் மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப். நான்கு ஆண்டு பி.பார்ம். படிப்பு மருந்துத் தயாரிப்பையும் ஆய்வகத்தையும் நோக்கியே பெரிதும் சாய்ந்திருந்த நிலையில், நோயாளியின் அருகில் நின்று பணியாற்றும் மருந்தாளுநர்களை உருவாக்குவதற்காக இந்திய பார்மசி கவுன்சில் 2008ஆம் ஆண்டில் இதற்கான விதிமுறைகளை வெளியிட்டது. ஆகவே இந்தப் படிப்பின் தரம் வார்டில் கிடைக்கும் பயிற்சியைப் பொறுத்தே அமைகிறது என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கவனம் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக்குழு பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடத்துகிறது. 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 12ஆம் பிரிவின்கீழ் அங்கீகாரம் பெறாத படிப்பை முடித்தவர் மருந்தாளுநராகப் பதிவு செய்ய இயலாது. ஒரு கல்லூரியின் பி.பார்ம். படிப்புக்கு உள்ள அங்கீகாரம் அதன் பார்ம்.டி. படிப்புக்கும் பொருந்திவிடாது என்பதால், இரண்டையும் தனித்தனியே கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சி மருத்துவமனைக்குக் குறைந்தது 300 படுக்கைகள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் படுக்கைகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. அங்கே படிக்கும் மூத்த மாணவர்களைச் சந்தித்து, எந்த ஆண்டிலிருந்து வார்டுக்குச் செல்கிறார்கள், மருத்துவர்களுடன் ரவுண்ட்ஸில் நிற்க அனுமதி உண்டா, நோயாளியின் சிகிச்சைப் பதிவான கேஸ் ஷீட்டைப் பார்க்க விடுகிறார்களா, மருந்துத் தகவல் மையம் உண்மையில் இயங்குகிறதா என்று கேளுங்கள். இந்த நான்கு கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகள் கட்டடங்களையும் விளம்பரங்களையும்விட அதிகம் சொல்லும்.

முதல் மூன்று ஆண்டுகளில் உடலியங்கியல், நோய்க்குறியியல், மருந்தியல், மருந்துவழிச் சிகிச்சையியல் ஆகியவை அடித்தளம். மருந்துகளின் பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு நோயை எடுத்துக்கொண்டு, உடலில் எது பழுதாகிறது, எந்த மருந்து எந்த இடத்தில் வேலை செய்கிறது, அது வேலை செய்கிறதா என்பதை எந்தப் பரிசோதனையால் அறிவது என்ற வரிசையில் படிப்பது நல்லது. வார்டில் உங்களிடம் கேட்கப்படும் கேள்விகளும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் வரும்.

நான்காம் ஆண்டில் ரவுண்ட்ஸ் தொடங்குகிறது. மருத்துவர்கள் வருவதற்கு முன்பே வார்டுக்குச் சென்று இரண்டு அல்லது மூன்று நோயாளிகளின் கேஸ் ஷீட்டை முழுமையாகப் படித்துவிடுங்கள். இருபது நோயாளிகளை மேலோட்டமாகப் பார்ப்பதால் பயனில்லை. ஒவ்வொருவருக்கும் நான்கு பகுதிக் குறிப்பு ஒன்றை எழுதுங்கள்: நோயாளி சொல்லும் தொந்தரவுகள், பரிசோதனைகளில் தெரிந்தவை, அவற்றிலிருந்து நீங்கள் செய்யும் மதிப்பீடு, அடுத்துச் செய்ய வேண்டியவை. மதிப்பீட்டுப் பகுதியில் மாணவர்கள் பெரும்பாலும் நோயின் பெயரை எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் காரணம் இருக்கிறதா, காரணம் இருந்தும் மருந்து கொடுக்கப்படாத பிரச்சினை ஏதேனும் உண்டா, அளவு சரியா, ஒன்றோடொன்று மோதும் மருந்துகள் உண்டா என்று கேட்டு எழுதுவதே மருந்தாளுநரின் மதிப்பீடு. குறிப்பில் நோயாளியின் பெயரையோ முகவரியையோ எழுதாதீர்கள். கேஸ் ஷீட்டைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

அளவு சரியா என்ற கேள்விக்கு விடை காண, சிறுநீரகச் செயல்திறனைக் கணக்கிடும் பழக்கம் இன்றியமையாதது. காக்கிராஃப்ட்–கால்ட் சூத்திரத்தின்படி, 140இலிருந்து வயதைக் கழித்து, கிலோகிராமில் எடையால் பெருக்கி, 72ஐயும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் உள்ள அளவையும் (டெசிலிட்டருக்கு மில்லிகிராமில்) பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும். எழுபது வயது, 50 கிலோ எடை, கிரியாட்டினின் 1.4 உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 1.4 என்பது சற்றே கூடுதலான எண்ணாகத்தான் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் விடை நிமிடத்துக்கு ஏறத்தாழ 29.5 மில்லிலிட்டர். இரத்தக்கட்டிக்குச் சிகிச்சையாக எனாக்ஸாபரின் ஊசி 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் எழுதப்பட்டிருந்தால், 30க்குக் கீழே வந்துவிட்ட இவருக்கு அதே அளவை நாளுக்கு ஒருமுறை மட்டுமே கொடுக்க வேண்டும். இதைக் கவனிக்கத் தவறினால் இரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடும். முதியோர் வார்டில் இந்தக் கணக்கைப் போடாமல் எந்த மருந்துச் சீட்டையும் கடந்து செல்லாதீர்கள்.

நோயாளியிடம் மருந்து வரலாற்றைக் கேட்பது தனிக் கலை. ‘வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டால் பெரும்பாலும் ‘இல்லை’ என்ற பதிலே வரும். ‘அம்மா, மூட்டு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்குவது உண்டா? தூக்கத்துக்கு? வயிற்று எரிச்சலுக்கு? நாட்டு மருந்து, லேகியம் ஏதாவது?’ என்று ஒவ்வொரு தொந்தரவாகக் கேட்டால் வலி மாத்திரைகள் வெளியே வரும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கும் இரத்த அழுத்தம் கட்டுப்படாதவருக்கும் அந்த ஒரு தகவல் சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடும். பழைய மருந்து அட்டைகளையும் பாட்டில்களையும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வது இன்னும் நல்லது.

தவறு ஒன்றைக் கண்டால் நோயாளியின் முன்னிலையில் பேசாதீர்கள். முதலில் உங்கள் வழிகாட்டி ஆசிரியரிடம் காட்டுங்கள். பிறகு அவருடன் சென்று, கணக்கு, ஆதாரம், மாற்று வழி ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சுருக்கமாகச் சொல்லுங்கள். ‘இந்த மருந்து தவறு’ என்பதைவிட, ‘டாக்டர், இவருடைய சிறுநீரகச் செயல்திறன் 30க்குக் கீழே இருக்கிறது, அளவைக் குறைக்கலாமா?’ என்று கேட்பது மரியாதையாகவும் இருக்கும், ஏற்கப்படவும் வாய்ப்பு அதிகம்.

மருந்தின் பக்கவிளைவு என்று சந்தேகம் எழுந்தால் அதைப் பதிவு செய்வதும் உங்கள் பயிற்சியின் பகுதி. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்துநூல் ஆணையம் அதை ஒருங்கிணைக்கிறது. சந்தேகம் மட்டும் இருந்தாலே படிவத்தை நிரப்பலாம், உறுதி தேவையில்லை. மருந்து எப்போது தொடங்கப்பட்டது, தடிப்பு போன்ற விளைவு எப்போது வந்தது, மருந்தை நிறுத்தியபின் குறைந்ததா என்ற தேதிகளைத் துல்லியமாக எழுதுங்கள். தேதிகள் இல்லாத படிவத்திலிருந்து மருந்துக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பை யாராலும் மதிப்பிட முடியாது. காரணத் தொடர்பை எடைபோட நரான்ஜோ அளவுகோலின் பத்துக் கேள்விகளைப் பயன்படுத்திப் பழகுங்கள். 9க்கு மேற்பட்ட மதிப்பெண்ணையும் 9ஐயும் உறுதியான தொடர்பாகவும், 5 முதல் 8 வரை பெரும்பாலும் இருக்கக்கூடிய தொடர்பாகவும் கொள்வார்கள்.

டிஸ்சார்ஜ் நாளில் செய்யும் மருந்து ஆலோசனைக்கு நான் எல்லாவற்றையும்விட அதிக முக்கியத்துவம் தருவேன். வார்டில் செவிலியர் நேரம் பார்த்துக் கொடுத்த மருந்துகளை, வீட்டில் நோயாளியே எடுத்துக்கொள்ள வேண்டும். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதப்பட்டிருந்தால், வாரத்துக்கு ஒருமுறை என்று சொல்லி நிறுத்தாமல், எந்தக் கிழமை என்பதை நோயாளியோடு பேசி முடிவுசெய்து, அட்டையிலேயே ‘ஞாயிறு மட்டும்’ என்று எழுதிக் கொடுங்கள். இதைத் தினமும் சாப்பிட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் எடுக்கவும், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி விடவும் சொல்லுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவரிடம் கீரையை அறவே விடச் சொல்லாதீர்கள். வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடச் சொல்வதே சரி. இன்ஹேலரை வாயால் விளக்கினால் போதாது, கையில் கொடுத்து இழுக்கச் செய்து பாருங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். இறுதியில் ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையசைப்பார்கள். ‘வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள், ஐயா’ என்று கேட்டால்தான் எங்கே விளங்கவில்லை என்பது தெரியவரும்.

ஐந்தாம் ஆண்டில் கிளார்க்ஷிப் எனப்படும் வார்டுப் பயிற்சியும் ஆய்வுத் திட்டமும் உண்டு. ஆய்வுத் தலைப்பை இணையத்தில் தேடாமல், உங்கள் வார்டில் திரும்பத் திரும்ப எழும் ஒரு பிரச்சினையிலிருந்து எடுங்கள். மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புதலுக்குக் காலம் பிடிக்கும் என்பதால் விண்ணப்பத்தை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.

இன்டர்ன்ஷிப்பில் ஆறு மாதங்கள் பொது மருத்துவத்திலும், மீதி ஆறு மாதங்கள் மூன்று சிறப்புத் துறைகளில் இரண்டிரண்டு மாதங்களாகவும் கழியும். வாய்ப்பு இருந்தால் அவற்றுள் ஒன்றாகக் குழந்தைகள் நலத்தைக் கேட்டுப் பெறுங்கள். எடைக்கேற்ப அளவு கணக்கிடுவதை அங்கேதான் கைக்கொள்ள முடியும். தீவிர சிகிச்சைப் பிரிவு கிடைத்தால், ஒரே சிரைவழிக் குழாயில் எந்த ஊசிமருந்துகளைச் சேர்த்துச் செலுத்தக்கூடாது என்பதைச் செவிலியர்களிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள். பதிவேட்டில் கையொப்பங்களை அந்தந்த வாரமே வாங்கிவிடுங்கள். துறை மாறியபின் தேடி அலைவது கடினம். பயிற்சி நிறைவுச் சான்றிதழும் பட்டச் சான்றும் கைக்கு வந்ததும் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். அந்தப் பதிவு இல்லாமல் மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்க பார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை.