பல வருடம் கழித்து இஸ்தான்புல் போகிறீர்களா?

பழைய நினைப்பில் திட்டம் போடாதீர்கள். மர்மரா கடலோரம் இருந்த அத்தாதுர்க் விமான நிலையத்தில் இப்போது பயணிகள் விமானம் இறங்குவதில்லை. 2019 ஏப்ரலில் எல்லாம் கருங்கடல் பக்கம் உள்ள புதிய நிலையத்துக்கு மாறிவிட்டது. ஊருக்குள் வர நேரம் பிடிக்கும். எம் 11 மெட்ரோவில் கெய்ரெத்தெபே வந்து, அங்கே எம் 2 மாறினால் நகர மையமான தக்சிம். டாக்சியை விட மலிவு.

ஹாகியா சோபியாதான் பெரிய மாற்றம். அருங்காட்சியகமாக இருந்த அந்தப் பழம்பெரும் கட்டடம் 2020-ல் மீண்டும் மசூதியானது. 2024 ஜனவரி முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு மேல்மாடம் மட்டும், அதுவும் கட்டணத்தோடு. கீழ்த்தளம் தொழுவோருக்கு. முன்பு அந்தக் கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு மனசு கொஞ்சம் வலிக்கும். ஆனாலும் போங்கள், பழைய மொசைக் ஓவியங்கள் பல மேலேதான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை நண்பகல் மட்டும் வேண்டாம். பெண்கள் தலையை மூட ஒரு துப்பட்டா எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், முதல் நாளே ஐரோப்பியக் கரையின் எமினோனுவிலிருந்து ஆசியக் கரையின் கடிகோய்க்குப் படகு ஏறுங்கள். இடுப்பு ஒடுங்கிய கண்ணாடிக் குவளையில் சூடான தேநீர், பின்னால் துரத்தி வரும் கடற்காகங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மெட்ரோ, டிராம், படகு மூன்றுக்கும் ஒரே இஸ்தான்புல்கார்ட் பயண அட்டை போதும்.