ஜீப்புக்கு எலக்ட்ரிக் ஃபேன் மாட்டப் போகிறீர்களா?

வேலூர் வெயிலுக்குப் பயந்து டீசல் ஜீப்பின் ரேடியேட்டரைக் குளிர்விக்கும் பெல்ட் ஃபேனைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் மாட்டுகிறவர்கள் முதலில் ஆல்டர்னேட்டரை, அதாவது இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவியைப் பாருங்கள். ஒரு ஃபேனே 15, 20 ஆம்பியர் இழுக்கும், இரண்டு ஃபேனோடு ஹெட்லைட்டும் ஏசியும் சேர்ந்தால் பழைய ஆல்டர்னேட்டர் திணறிவிடும். ஒவ்வொரு ஃபேனுக்கும் தனி ரிலே (சுவிட்ச்சில் சிறு மின்சாரம் போனாலே ஃபேனுக்கான பெரிய மின்சாரத்தை இணைத்துவிடும் கருவி), தனி ஃபியூஸ் கட்டாயம். ரிலே எதற்கு என்று சுவிட்ச் வழியாகவே நான் இழுத்த வயர், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறுவதற்குள் உருகி நாறியது. அப்புறம் ஷ்ரவுடு, அதாவது ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரை மூடி நிற்கும் கூடு. அது இல்லாவிட்டால் ஃபேனுக்கு நேரே உள்ள இடம் மட்டும்தான் குளிரும், ரேடியேட்டரின் மூலைகள் கொதித்துக்கொண்டே கிடக்கும். மாட்டி முடித்ததும் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு காகிதத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொண்டால் சரி. தள்ளினால் பிளஸ், மைனஸ் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். தண்ணீரில் இறங்கும்போது ஃபேனை அணைக்கத் தனி சுவிட்ச்சும் வையுங்கள், பாலாற்றில் ஏது தண்ணீர் என்று கேட்காமல்.