செத்துப்போனவள் சொல்லும் கதைக்கு வாசிப்புக் கூட்டம் நடத்துவது எப்படி

கதை சொல்பவர் முதல் பக்கத்திலேயே இறந்துபோயிருக்கும் நாவலை வாசிப்புக் குழுவுக்கு எடுத்தால் சண்டை நிச்சயம். பாதிப் பேர் கண் கலங்கி வருவார்கள், மீதிப் பேர் கடுப்போடு வருவார்கள். நடுவில் உட்கார ஆள் இருக்காது. குழு நடத்துகிறவளாக எனக்கு இந்தச் சண்டை பிடிக்கும். ஆனால் அதை அப்படியே விட்டால் ‘எனக்குப் பிடிச்சது’, ‘எனக்குப் பிடிக்கலை’ என்று பத்து நிமிடத்தில் தீர்ந்துபோய், மிச்ச நேரம் டீ குடிப்பதில் போய்விடும்.

உதாரணத்துக்கு ஆலிஸ் சீபோல்டின் ‘தி லவ்லி போன்ஸ்’ நாவலையே எடுத்துக்கொள்கிறேன். 2002-ல் வெளிவந்தது, உலகம் முழுக்க விற்றுத் தள்ளியது. சூசி சாமன் என்ற பதினான்கு வயதுப் பெண் தன் பெயரையும் வயதையும் தான் கொல்லப்பட்ட தேதியையும் (1973 டிசம்பர் 6) சொல்லித்தான் கதையையே ஆரம்பிக்கிறாள். பென்சில்வேனியாவின் ஒரு புறநகர்த் தெரு. கொன்றவன் பக்கத்து வீட்டு ஹார்வி. அதுவும் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. அப்புறம் அவள் தன் சொர்க்கத்திலிருந்து அப்பா, அம்மா, தங்கை, தம்பி, நண்பர்கள், கொலைகாரன் எல்லோரையும் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முடிவையும் சேர்த்துத்தான் கீழே பேசப்போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

முதலில், புத்தகத்தை அறிவிக்கும்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முதல் அத்தியாயத்தில் ஒரு சிறுமி மீதான பாலியல் வன்முறையும் கொலையும் வருகின்றன. இதை மழுப்பாமல் சொல்லிவிடுங்கள். குழுவில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் இருக்கலாம், இதே வன்முறைக்கு ஆளானவர் இருக்கலாம். அவர் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. எல்லோருக்குமே தனித்தனியாகச் செய்தி அனுப்பி, அந்த அத்தியாயத்தைத் தாண்டிப் படிக்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு வரியில் சுருக்கம் கொடுங்கள். ‘ஏன் தாண்டினீங்க?’ என்று கூட்டத்தில் யாரும் கேட்கக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள். படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களையும் முன்கூட்டியே பிடியுங்கள். பீட்டர் ஜாக்சன் 2009-ல் எடுத்த படம் வேறு, நாவல் வேறு. கூட்டத்தில் பெரிய சண்டையைக் கிளப்பப் போகிற காட்சியே படத்தில் ஒரு முத்தத்தோடு முடிந்துவிடும். படம் மட்டும் பார்த்தவருக்கு மற்றவர்கள் எதற்குக் கத்துகிறார்கள் என்றே புரியாது.

கூட்டத்தன்று ‘பிடித்ததா?’ என்று தொடங்காதீர்கள். ‘எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள்?’ என்று கேளுங்கள். அழுதவரும் மூடி வைத்திருப்பார், எரிச்சலானவரும் மூடி வைத்திருப்பார். பக்கம் சொல்லச் சொல்லுங்கள். இந்த நாவலுக்கு வரும் பதில்களைத் தொகுத்தால் பெரும்பாலும் மூன்று இடங்களில் வந்து குவியும்: சொர்க்கத்தின் வர்ணனை, கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் சூசி, தன் பள்ளியில் படித்த ரூத்தின் உடம்புக்குள் இறங்கும் இடம், ஹார்வியின் சாவு. இந்த மூன்றையும் தனித்தனியாக எடுத்துப் பேசினாலே கூட்டத்தின் பாதி வேலை முடிந்துவிடும்.

சொர்க்கத்தைப் பற்றிய பேச்சு தடம் மாற ரொம்ப நேரம் ஆகாது. சூசியின் சொர்க்கம் ஒரு உயர்நிலைப் பள்ளி மாதிரி இருக்கிறது, ஊஞ்சல்கள் இருக்கின்றன, ஆசிரியர்கள் கிடையாது. பாடப் புத்தகங்கள் என்னவென்றால் ‘செவன்டீன்’, ‘கிளாமர்’, ‘வோக்’ பத்திரிகைகள். கடவுள் எங்கேயும் தென்படுவதில்லை. பக்தி உள்ளவருக்கு அது குறை, நாத்திகருக்குச் சொர்க்கம் இருப்பதே குறை. இருவரும் மோதிக்கொண்டால் நாவல் மேஜையில் அனாதையாகக் கிடக்கும். ‘சொர்க்கம் இப்படித்தான் இருக்குமா?’ என்ற கேள்வி எழுந்த உடனே அதைத் திருப்புங்கள்: ‘இந்தச் சொர்க்கத்தில் சூசிக்கு என்ன கிடைக்கவில்லை?’ ஆசைப்பட்டதெல்லாம் வந்து நிற்கிற இடத்தில், வளர்வது மட்டும் அவளுக்கு வாய்க்கவில்லை. தங்கை லிண்ட்சி பதினான்கைத் தாண்டிப் போகிறாள். முதல் காதல், படிப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் அக்கா மேலிருந்து வேடிக்கை பார்க்கிறாள். பத்திரிகைதான் பாடம் என்பது பதினான்கு வயதுக்காரி கட்டின சொர்க்கம் என்பதால் வந்தது. இதைப் பிடித்துக்கொண்டால், ‘சர்க்கரைப் பாகு’ என்று திட்டினவர்களில் சிலர் கொஞ்சம் யோசிப்பார்கள். எல்லோரும் மாட்டார்கள், மாறவும் வேண்டாம்.

இனி என் கைவேலை ஒன்று. ஒரு பெரிய தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் ‘பார்க்கிறாள்’ என்று எழுதுங்கள், வலது பக்கம் ‘தொடுகிறாள்’. நாவலில் சூசி செய்வதையெல்லாம் உறுப்பினர்கள் சொல்லச் சொல்ல, ஏதாவது ஒரு பக்கம் எழுதிக்கொண்டே வாருங்கள். இடது பக்கம் மளமளவென்று நிறையும். அம்மா அபிகெயில் துக்கம் தாங்காமல் துப்பறியும் அதிகாரியிடம் ஒதுங்குவதை அவள் பார்க்கிறாள். லிண்ட்சி ஹார்வியின் வீட்டுக்குள் புகுந்து ஆதாரம் தேடுவதைப் பார்க்கிறாள். ஹார்வியின் பழைய கொலைகளையும் பார்க்கிறாள்.

வலது பக்கத்துக்கு வரும்போதுதான் குரல்கள் உயரும். கொல்லப்பட்ட இரவில் உலகைவிட்டுப் போகும் வழியில் ரூத்தை உரசிப் போகிறாளே, அது எந்தப் பக்கம்? அப்பா ஜாக் தான் ஆசையாகச் செய்த பாட்டில் கப்பல்களை ஆத்திரத்தில் ஒவ்வொன்றாக உடைக்கும்போது, கண்ணாடிச் சில்லுகளில் அவள் தன் முகத்தைக் காட்டுகிறாளே, அது? தம்பி பக்லி, அக்கா தன்னிடம் வந்ததாகச் சொல்கிறானே, அது அவளுடைய செயலா, சின்னப் பையனின் ஏக்கமா? எங்கள் குழுவில் பக்லியை எந்தப் பக்கம் எழுதுவது என்று தீராமல், பேனா வைத்திருந்தவர் கடைசியில் கோட்டின் மேலேயே எழுதிவிட்டார்.

தாள் நிறைந்ததும் ஒன்று கண்ணில் படும். வலது பக்கத்தில் உள்ளவை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டு போகின்றன. முதலில் ஒரு உரசல், பிறகு சில்லில் ஒரு முகம், கடைசியில் ஒரு முழு உடம்பு. இறந்தவள் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று நாவல் ஆரம்பத்தில் பட்டியல் போட்டுத் தரவில்லை, போகிற போக்கில் நீட்டித்துக்கொண்டே போகிறது. கோபப்படுகிறவர்களின் கோபத்துக்கு வேர் இங்கேதான் என்பது என் முடிவு. ‘நம்பும்படி இல்லை’ என்று அவர்கள் சொல்வார்கள். ஆனால் முதல் பக்கத்தில் ஒரு செத்த பெண் பேசுவதை நம்பித்தானே மேலே படித்தார்கள்? ஒப்புக்கொண்ட ஆட்டத்தின் விதி நடுவில் மாறிவிட்டது என்பதுதான் அவர்களுடைய உண்மையான புகார். இதை அவர்கள் வாயாலேயே வரவழையுங்கள். புகார் கூர்மையானால் எதிர்த்தரப்பும் கூர்மையாகப் பதில் சொல்லும்: ‘விதி மாறலை, ஆரம்பத்துலயே அவ ரூத்தைத் தொட்டுட்டாளே, அந்த வாசல் அப்பவே திறந்ததுதான்.’ நல்ல பதில்தான்.

ரூத்தின் உடம்பில் இறங்கிய சூசி, தன் முதல் காதலனான ரே சிங்கோடு உறவு கொள்ளும் காட்சிக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். இதை அவசரப்படுத்தினால் கூட்டம் கெடும். ஆதரிப்பவர்களை முதலில் பேச விடுங்கள், ஏனென்றால் எதிர்ப்பவர்கள் பேசிவிட்டால் அவர்கள் வாயைத் திறக்கவே கூச்சப்படுவார்கள். வன்முறையாக மட்டுமே உடம்பை அறிந்த ஒரு பெண்ணுக்கு அன்பாக ஒரு முறை அது கிடைக்கட்டுமே என்பது அவர்கள் வாதம். அதில் இருக்கும் ஈரத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். எதிர்ப்பவர்கள் கேட்பது: ரே இப்போது வளர்ந்த ஆள், சூசிக்கு வயது எத்தனை? அது ரூத்தின் உடம்பு, இதில் ரூத்தின் சம்மதம் எங்கே? நானும் இந்தக் கட்சிதான். ரூத்தை அதுவரை அவ்வளவு கவனமாக வளர்த்துக்கொண்டு வந்த நாவல் அந்தச் சில பக்கங்களில் அவளை வாடகை வீடாக்கிவிடுகிறது. ஆனால் நடத்துகிறவர் தன் கட்சியைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். முதலில் சொன்னால் பாதிப் பேர் மரியாதைக்காக ஒத்துப்போவார்கள், மீதிப் பேர் வம்புக்காக எதிர்ப்பார்கள்.

ஹார்வியின் சாவுக்கு வந்தால் துப்பறியும் கதை மட்டும் படிக்கிறவர்கள் பொங்கி எழுவார்கள். எங்கள் குழுவில் அப்படி ஒருவர் உண்டு. போலீஸ் பிடிக்கவில்லை, அப்பா பழிவாங்கவில்லை, மேலிருந்து ஒரு பனிக்கட்டி ஊசி விழ, அவன் தடுமாறிப் பள்ளத்தில் உருண்டு சாகிறான். அவர் புத்தகத்தைத் தட்டினார்.

“இதுக்கா இத்தனை பக்கம்? நீதியே இல்லையே.”

எதிரில் இருந்த மூத்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “சார், கொஞ்சம் முன்னாடி போங்க. சொர்க்கத்துல பொண்ணுங்க ஒரு விளையாட்டு விளையாடுவாங்களே, ஆதாரமில்லாம கொலை பண்றது எப்படின்னு. சூசி எதைச் சொல்லுவா?”

அவர் புரட்டினார். பனிக்கட்டி ஊசி. ஆயுதம் உருகிப்போய்விடும் என்பதுதான் அவள் சொல்லும் காரணம்.

“அப்ப இவதான் பண்ணாளா?”

“அதை எழுதலையே, சார்.”

அவர் எழுந்து போய்த் தாளில் வலது பக்கம் ‘பனிக்கட்டி’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். நாவல் பிடித்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அவர் புகார் மாறிவிட்டது: நீதி இல்லை என்றவர், இப்போது ‘ஆசிரியர் ரெண்டு பக்கமும் கால் வைக்கிறார்’ என்றார். இப்படிப் புகார் மாறுவதைத்தான் நான் கூட்டத்தின் வெற்றி என்று கணக்கு வைப்பேன். கருத்தையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று யாரையும் நான் நெருக்குவதில்லை.

ஆறுதல் பற்றிய பேச்சும் தானாக வரும். நாவலின் தலைப்பே அதில்தான் நிற்கிறது: சூசி இல்லாமல் போன இடத்தைச் சுற்றி மெல்ல வளர்ந்த உறவுகளைத்தான் அவள் அழகிய எலும்புகள் என்கிறாள். விமர்சகர்களிடமும் இதே பிளவுதான். புகழ்ந்தவர்கள் நிறைய. டேனியல் மெண்டல்சன் போன்றவர்கள் இந்த ஆறுதல் மலிவானது என்று 2003-லேயே கடுமையாக எழுதினார்கள். இரு தரப்புக்கும் ஆளுக்கு ஒரு பத்தி கொண்டுவரச் சொல்லுங்கள். அபிகெயில் வீட்டைவிட்டுப் போகும் இடம் ஆறுதல் தரப்புக்கு நெருக்கடி கொடுக்கும். அங்கே யாரும் யாரையும் தேற்றவில்லை, ஒரு தாய் தாயாக இருக்க முடியாமல் ஓடுகிறாள், அவ்வளவுதான். மகள் அதை மேலிருந்து மன்னிக்கிறாளா, மகளை வைத்து ஆசிரியர் மன்னிக்கிறாரா என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள்.

யாராவது எழுத்தாளரின் வாழ்க்கையை இழுப்பார்கள். கல்லூரி நாட்களில் தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறையைப் பற்றி சீபோல்ட் முன்பே ஒரு நினைவுக்குறிப்பு எழுதியிருந்தார். அந்த வழக்கில் பல ஆண்டுகள் சிறையில் இருந்தவரின் தண்டனையை 2021-ல் நீதிமன்றம் ரத்து செய்தது. இது கனமான விஷயம். நாவலின் நடுவில் போகிற போக்கில் கையாளாதீர்கள். நாவலைப் பேசி முடித்தபின் விரும்புகிறவர்கள் இருந்து பேசலாம் என்று தனியாக வையுங்கள்.

நேரம் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நாவலின் சில பக்கங்களைச் சத்தமாக வாசியுங்கள். பிரேசில் எழுத்தாளர் மச்சாடோ டி அசிஸ் 1881-ல் எழுதிய பிராஸ் கியூபாஸின் நினைவுக்குறிப்புகள் இதற்கு வாகானது. அதில் கதை சொல்லும் பிணம் தன் புத்தகத்தைத் தன் சதையை முதலில் கடித்த புழுவுக்குக் காணிக்கை செய்கிறது. கூட்டத்தில் சிரிப்பு வரும். செத்தவன் வாய் திறந்தாலே ஆறுதல்தான் சொல்ல வேண்டும் என்று யார் நமக்குச் சொன்னது என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பும். ஜார்ஜ் சாண்டர்ஸின் ‘லிங்கன் இன் தி பார்டோ’ வேறு வகை. அதில் ஆவிகள் தாங்கள் செத்ததையே ஒப்புக்கொள்வதில்லை, சவப்பெட்டியை நோயாளியின் பெட்டி என்றுதான் சொல்லிக்கொள்கின்றன.

அடுத்த கூட்டத்துக்கு இதே வகையில் இன்னொன்று வேண்டுமென்றால் ஷெஹான் கருணாதிலகவின் ‘தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்டா’. 2022-ல் புக்கர் பரிசு பெற்றது. 1990-ன் கொழும்பு, கொல்லப்பட்ட ஒரு புகைப்படக்காரன், ஏழு நிலாக் காலம் அவகாசம். கதை முழுக்க அவனை ‘நீ’ என்று அழைத்தே நகர்கிறது. இதிலும் குழு பிளக்கும், ஆனால் காரணம் வேறு. இங்கே ஆவிகளுக்கான விதிகள் முன்கூட்டியே சொல்லப்பட்டுவிடுகின்றன: தன் உடம்பு போன இடத்துக்கும் தன் பெயரை யாராவது உச்சரிக்கும் இடத்துக்கும்தான் போக முடியும். அதனால் ஏமாற்றிவிட்டார் என்ற புகார் குறைவாக வரும். 1983 வன்முறையின் படங்களும் அத்தனை பிணங்களும் இருக்கிற கதையில் இவ்வளவு நக்கல் எப்படி என்றுதான் கேட்பார்கள். தாளில் மூன்றாவதாக ஒரு பத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘யார் காதில் விழுகிறது’. மாலி உயிரோடிருப்பவர்களின் காதில் கிசுகிசுக்கக் கற்றுக்கொள்கிறான், அந்தப் பத்தியில்தான் சண்டை நடக்கும்.