பில்லில் தசம எண்களைக் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடைக்கு பில் போடும் செய்நிரல் எழுதிக் கொடுத்தேன். ஒருநாள் மூன்று மோதிரம், ஒவ்வொன்றும் 1.234 கிராம். நான் இரண்டு தசம தானத்துக்கு மட்டந்தட்டியிருந்ததால் பில்லில் 1.23 என்று மூன்று வரி விழுந்தது. அடியில் கூட்டுத்தொகை 3.70. வாங்க வந்த அம்மா அங்கேயே கூட்டிப் பார்த்தார், 3.69தான் வந்தது. “தம்பி, கூட்டல் பிழையெல்லோ?”

பிழைதான், ஆனால் கூட்டலில் இல்லை. செய்நிரல் முழு எடையைக் கூட்டியது, பில் குறைத்த எடையைக் காட்டியது. தராசு மூன்று தானம் காட்டினால் பில்லும் மூன்று தானம் காட்ட வேண்டும். ரூபாய்க்கு வேறு வழி: ஒவ்வொரு வரியையும் முதலில் சதத்துக்கு மட்டந்தட்டி, அந்தத் தொகைகளையே கூட்டுங்கள். அப்போது கையால் கூட்டினாலும் அதே விடைதான்.

அடுத்தது ஜாவாஸ்கிரிப்டின் டூஃபிக்ஸ்ட், எண்ணைக் கேட்ட தசம தானத்துக்கு மட்டந்தட்டித் தரும் கட்டளை. அது தருவது எண் அல்ல, எழுத்துச் சரம். 12.50, 3.00 என்ற இரண்டையும் அப்படியே கூட்டினால் 12.503.00 என்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே கணக்கெல்லாம் முடிந்தபின், திரையில் காட்டும் இடத்தில் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

1.005ஐ அதே டூஃபிக்ஸ்டில் இரண்டு தானத்துக்குக் கொடுத்தால் 1.01 வராது, 1.00 வரும். கணினி எண்களை வைக்கும் இரும எண்முறையில் 1.005 சரியாக அடங்காது. உள்ளே இருப்பது அதைவிடத் துளி குறைவு. 0.1உம் 0.2உம் சேர்ந்தால் 0.30000000000000004 ஆவதும் இதனால்தான். காசுக் கணக்கைச் சதத்தில் முழு எண்ணாக வையுங்கள், அல்லது தசமத்தை அப்படியே வைத்திருக்கும் எண் வகைகளை, பைதனில் டெசிமல், ஜாவாவில் பிக்டெசிமல், எடுங்கள். மட்டந்தட்டும் விதியையும் நீங்களே சொல்லிவிடுங்கள். பைதனின் ரவுண்ட் 2.5ஐ 2 ஆக்கும். சரிபாதி வந்தால் இரட்டை எண் பக்கம் போவது அதன் வழக்கம். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த விடையோ 3.

எண்ணின் தோற்றத்தை அமைக்கும் ஜாவாவின் டெசிமல்ஃபார்மட்டில் #.00 என்று கொடுத்தால் ஐம்பது சதம் .50 என்று தலையில்லாமல் வரும். 0.00 என்று கொடுங்கள்.

காற்புள்ளியையும் கவனியுங்கள். அது லோகேலை, அதாவது மொழிக்கும் நாட்டுக்கும் ஏற்ற எண் வடிவ அமைப்பை, பொறுத்து மாறும். தமிழ் லோகேலில் 12,34,567 என்றும் ஆங்கில லோகேலில் 1,234,567 என்றும் வரும். ஜெர்மன் லோகேலில் தசமப் புள்ளியே காற்புள்ளி ஆகிவிடும். கணினியின் அமைப்பை நம்பாமல் லோகேலைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

அப்புறம், கழித்து மிஞ்சிய -0.001ஐ இரண்டு தானத்துக்குக் காட்டினால் -0.00 என்று வரும். கடனைக் கட்டி முடித்தவர் அந்தக் கழித்தல் குறியைப் பார்த்துப் பதறுவார். முதலில் மட்டந்தட்டி, பூச்சியமானால் குறியை நீக்கிவிட்டு அச்சிடுங்கள்.