கோடை முடிவில் யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை நம்பி வெளிநாட்டிலிருந்து ஆகஸ்ட்டில் ஊருக்குப் போகிறவர்கள் கோடையின் கடைக்கூறில்தான் போய் இறங்குகிறார்கள். வைகாசியில் தொடங்கும் வறட்சி ஐப்பசி மழை வரும்வரை விடாது. அந்த நேரத்தில் ஊரில் காசு கொடுத்தால் எல்லாம் கிடைக்கும், கிணற்றில் நல்ல தண்ணீரைத் தவிர.

குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீர், அடியில் உள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால் உப்புநீர் கணக்குப்படி 40 அடிவரை மேலேறும். நான்கு பேர் இருந்த வீட்டுக்குப் பத்துப் பேர் வந்து, ஆளுக்கு இரண்டு முறை குளித்து, மோட்டரை விடாமல் ஓட்டினால் மூன்றாம் நாள் தேத்தண்ணி கரிப்பது இதனால்தான். 15 நிமிடம் இறைத்து நிறுத்துங்கள். ஊறியபின் மறுபடி போடுங்கள். இரவு முழுதும் ஊறியிருப்பதால் விடியற்காலைதான் தாங்கி நிரப்பத் தோதான நேரம். பம்பின் சத்தம் மாறிக் குழாயில் காற்று வந்தால் உடனே நிறுத்த வேண்டும். தண்ணீரில்லாமல் ஓடும் பம்பு சூடேறிப் பழுதாகும். மின்சாரம் நின்றால் பம்பும் நிற்கும் என்பதால் குளியலறையில் ஒரு வாளி எப்போதும் நிறைந்திருக்கட்டும். கூரைமேல் இருக்கும் கறுப்புத் தாங்கியின் தண்ணீர் மத்தியானத்தில் பிள்ளைகளுக்குச் சுடும். முதலில் கையில் பிடித்துப் பாருங்கள்.

பூட்டிக் கிடந்த வீட்டுக்குப் போவதானால், நீங்கள் போய்ச் சேர ஒரு வாரத்துக்கு முன்பே கிணற்றை இறைத்துச் சேறு அள்ளச் சொல்லிவிடுங்கள். மட்டம் குறைந்த இந்தக் காலத்தில் அந்த வேலை சுலபம். ஆனால் ஆள் இறங்கும் கிணற்றுக்குள் பெற்றோல் பம்பை இறக்க விடாதீர்கள்: அதன் புகை கீழே தேங்கி ஆளைக் கொன்றுவிடும். எவ்வளவு குளோரின் போடுவது என்பதைப் பகுதிச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுச் செய்வதே சரி.

குடிக்க வேறு தண்ணீர் வேண்டும். தோட்டக் காணிகளை ஒட்டிய கிணறுகளில் உரத்திலிருந்து இறங்கிய நைத்திரேற்று இருக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீர் கூடவே கூடாது. சுத்திகரித்த தண்ணீரைக் கானில் வாங்குங்கள். மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வயிற்றோட்டம் வந்தால் பாமசியில் ‘ஜீவனி’ என்று கேளுங்கள், அது நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள். ஒரு பொதியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். பாதிப் பொதியை ஒரு குவளையில் கரைத்துக் கொடுப்பதால் உப்புக் கூடிப் பிள்ளைக்கு ஆபத்து.

மழை இல்லையே, நுளம்பு இராது என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் சேர்த்து வைக்கும் பரலும் தொட்டியும் டெங்கு நுளம்புக்குப் போதும். வாரம் ஒருமுறை உரஞ்சிக் கழுவி மூடி வையுங்கள். காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரினும் இபுபுரோபெனும் இரத்தக் கசிவைக் கூட்டும். அவசரமானால் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ஆகஸ்ட் கடைசியில் நண்பகல் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே நிற்கும். வெளிவேலைகளைப் பத்து மணிக்குள் முடித்து, மறுபடி நான்கு மணிக்குப் பின் புறப்படுவதே ஊர் வழக்கம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்கும் அதே கணக்குத்தான்: மத்தியான மணலில் வெறுங்காலோடு நிற்பது வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளால் ஆகாது. உள்ளே போகும் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். திருவிழா 25 நாள். ஆவணி அமாவாசையில் தீர்த்தம், அதற்கு முதல் நாள் தேர். அமாவாசையைப் பொறுத்து அது செப்டெம்பருக்குள்ளும் போகும். விமானச் சீட்டுக்கு முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள், தேரன்று பள்ளிக்கூடம் தொடங்கிவிடும் ஆண்டும் உண்டு.

நெடுந்தீவு போக விரும்புவோர் குறிகாட்டுவான் இறங்குதுறையில் காலைப் படகையே பிடிக்க வேண்டும். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் கடல் குமுறும். ஒரு மணி நேரப் பயணத்தில் வாந்தி வருவோருக்கு ஏறுவதற்கு அரை மணி முன்பே மாத்திரை. திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வையுங்கள். தீவில் நிழல் குறைவு, ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் கையில் இருக்கட்டும். 5000 ரூபாய்த் தாளை ஓட்டோவில் நீட்டினால் மாற்று இராது, 100 ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் வைத்திருங்கள்.

இந்தக் காலத்துக்கென்றே உள்ள நல்ல விஷயம் பனம்பழம். அதில் செய்யும் பணியாரம் சுட்ட அன்றே தின்ன வேண்டியது. பனங்களியை வெய்யிலில் காயவைத்த பனாட்டு நன்றாக உலர்ந்திருந்தால் பயணம் தாங்கும். ஈரம் மிஞ்சினால் பெட்டிக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். இறங்கும் நாட்டில் உணவுப் படிவத்தில் அதை எழுதிக் கொடுங்கள்.